பவளம்மா வீட்டுக்கு ஒரு மருமகள்

அம்மா வேஷம் போடுகிறவளின் முகம் ஊருக்கே தெரியும், பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. பதினெட்டு வருஷமாக சினிமாவிலும் டிவியிலும் அம்மா, அத்தை, பெரியம்மா, ஆஸ்பத்திரி ஆயா என்று வந்து போகிறேன். கதாநாயகி அழும்போது பின்னால் மூன்றாவதாக நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறவளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அநேகமாக நான்தான். நான் பட்ட பாட்டைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் முப்பது தாண்டிய பையனை வீட்டில் வைத்துக்கொண்டு பெண் தேடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்கள் மட்டும் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள்.

பிணத்தின் வேண்டுகோள்

எனக்கு ஊர் திருச்செங்கோடு. வீட்டுக்காரர் அப்போது பஸ் கண்டக்டராக இருந்தார். ஜேடர்பாளையம் அணைப்பக்கம் சினிமா ஷூட்டிங், சாவு வீட்டுக் காட்சிக்கு நாற்பது பெண்கள் வேண்டும் என்று ஏஜென்ட் ஒருவர் வந்து கூப்பிட்டார். வேடிக்கை பார்க்கலாம் என்று தெருவோடு கிளம்பிப் போனோம். சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வோம், நீங்கள் வாயை மட்டும் அசைத்து அழுதால் போதும் என்றார் டைரக்டர்.

சத்தமில்லாமல் அழ எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் இழவு வீட்டில் அப்படி அழுதால் நீ எதற்கு வந்தாய் என்று கேட்பார்கள். மற்றவர்கள் வாயசைத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் மாரில் அடித்துக்கொண்டு, செத்துப்போனவர் எனக்கு அண்ணன் மாதிரி இருந்ததையெல்லாம் கற்பனையாகச் சொல்லிச் சொல்லி அழுதேன். பிணமாகப் படுத்திருந்தவர் பரமத்தியில் விசைத்தறி ஓட்டுகிறவர். மூன்றாவது டேக் முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே என்னிடம் சொன்னார்: "அம்மிணி, கொஞ்சம் மெதுவா அழுவுங்க. எனக்கே அழுகாச்சி வருது, படுத்துக்கிட்டு அழுதாக் காதுக்குள்ள ஊத்துதுங்க."

கருவேப்பிலை கிடையாது

அந்த அழுகைதான் என்னைச் சென்னைக்குக் கொண்டுபோனது. பன்னிரண்டு வருஷம் மூன்றாவதாக நின்ற பிறகு ஒரு சீரியலில் பவளம்மா வேஷம் கிடைத்தது. எங்கள் பக்கம் சீரியலையும் நாடகம் என்றுதான் சொல்வார்கள். பவளம்மா பணக்கார மாமியார், பொல்லாதவள். மாதத்தில் பதினைந்து நாள் சங்ககிரியில் ரயிலேறிப் போய் கொடுமை செய்துவிட்டு, மீதிப் பதினைந்து நாள் வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷம் இப்படி ஓடியது.

அதில் ஒரு நாள், மருமகள் சமைக்கக் கூடாது என்று பவளம்மா கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். கதையில் அது ஒரே நாள்தான், டிவியில் மூன்று வாரம் ஓடியது. அந்த மூன்று வாரமும் நான் வெளியே தலைகாட்டியிருக்கக் கூடாது. உழவர் சந்தையில் வழக்கமாக வாங்குகிற அம்மாவிடம் ஒரு கிலோ கத்திரிக்காய் வாங்கினேன். எல்லோருக்கும் ஒரு கொத்து கருவேப்பிலை எடுத்துப் போட்டவர், என் பைக்கு மட்டும் போடவில்லை. கேட்டதற்கு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொதல்ல அந்தப் புள்ளைக்கு ரெகுலேட்டரக் குடுங்க. அப்பறம் நான் கருவேப்பல தாரேன்."

பத்து நிமிஷ ஜோசியம்

கருவேப்பிலை இல்லாமல் குழம்பு வைத்துவிடலாம். பிள்ளைக்குக் கல்யாணம் அப்படி இல்லை. என் பையன் கதிர்வேல் போர்வெல் ரிக்குக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கடை வைத்திருக்கிறான். நல்ல பையன், அதிகம் பேச மாட்டான். எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதிலும் இவனுக்கு முப்பத்துமூன்று நடந்துகொண்டிருந்தது.

மேட்டூரில் ஒரு நல்ல குடும்பம், அப்பா மின்நிலையத்தில் வேலை. ஜாதகத்தையும், கூடவே எங்கள் குடும்பப் போட்டோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பத்தே நிமிஷத்தில் ஜாதகம் பொருந்தவில்லை என்று பதில் வந்துவிட்டது. இவ்வளவு வேகமான ஜோசியர் யார் என்று நான் வியந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "அவங்க பாத்தது கட்டத்தை இல்ல, உன்ற மூஞ்சிய."

சேந்தமங்கலத்துக் காப்பி

அதற்குப் பிறகு அமைந்தவள்தான் யமுனா. சேந்தமங்கலத்துப் பெண், நாமக்கல்லில் கோழித்தீவனம் பரிசோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை. அவளும் கதிர்வேலும் போனில் பேசிப் பிடித்துப்போக, அவள் வீட்டில் பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை கதிர்வேல் கண்ணாடி முன்னால் நின்று மூன்று சட்டை மாற்றினான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. இதுவும் தட்டிப்போனால் இவன் இன்னொரு தடவை சட்டை மாற்ற மாட்டான் என்று தோன்றியது.

சீரியல் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வசனத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் உதவி டைரக்டர் ஒருவர் நின்று வரி வரியாகச் சொல்வார், நாங்கள் அதை அப்படியே வாங்கி முகபாவத்தோடு சொல்ல வேண்டும். ஆறு வருஷம் இப்படிப் பழகினால், பக்கத்திலிருந்து யார் எதை முணுமுணுத்தாலும் நாக்கு தானாக அதை வாங்கிவிடும்.

யமுனாவின் அம்மா காப்பி கொடுத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இடது பக்கமிருந்து வீட்டுக்காரர் தனக்குத்தானே, "கழனித்தண்ணியாட்ட இருக்குது" என்று முணுமுணுத்தார். அதை நான் அப்படியே வாங்கி, பவளம்மா குரலில், ஒரு புருவத்தையும் உயர்த்தி, அந்த அம்மாவிடம் கணீரென்று சொல்லிவிட்டேன். காப்பி நன்றாக இருப்பதாக அதன் பிறகு நான் பத்துத் தடவை சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்து, மரியாதையாகத்தான் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க. பையன் தங்கமுங்க. அந்த நாடகம் முடியட்டுங்க, அதுக்கப்புறம் தட்டு மாத்திக்கலாம்."

திருந்தத் தடை

அந்த நாடகமாவது, முடிவதாவது. அதில் ஒரு பெண் கர்ப்பமாகி இரண்டு வருஷம் ஆகியும் இன்னும் வளைகாப்புதான் நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஷெட்யூலுக்குப் போனதும் டைரக்டரைத் தனியாகப் பிடித்தேன். தம்பி, பவளம்மாவைத் திருத்திவிடுங்கள், ரெகுலேட்டரைப் பூட்டி வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு மருமகளைக் கட்டிக்கொண்டு அழுகிற மாதிரி ஒரே ஒரு சீன் வையுங்கள், என் பையன் கல்யாணம் நடந்துவிடும் என்றேன். நான் ஏதோ கொலைக்குத் துணை கேட்டது போல அவர் பதறிப்போனார். "நீங்க திருந்திட்டா இங்க நாப்பது பேருக்கு வேலை போயிடும்மா."

ஒரு ஸ்டில்

திருத்த முடியாவிட்டால் கொன்றாவது விடுங்கள் என்றேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு, மாடிப்படியில் நெஞ்சுவலி என்று முடிவு செய்தார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வார்த்தைக்கு எல்லோரும் நடுங்குவோம். "நாளைக்கு வரும்போது ஒரு பட்டுப்புடவை கொண்டு வந்துடுங்கம்மா, ஒரு ஸ்டில் எடுக்கணும்" என்று மேனேஜர் சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம். மாலை போட்டுச் சுவரில் மாட்டுவதற்குத்தான் அந்தப் படம். நானோ மாம்பழக் கலர் பட்டை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு, கதிர்வேலை மணமேடையில் நினைத்துக்கொண்டு கேமரா முன்னால் நின்றேன். போட்டோகிராபர் இரண்டு தடவை கேமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுதாம்மா நிப்பாங்க. சாவுறதுக்கு இவ்ளோ சந்தோஷமா சிரிச்ச மொத ஆள் நீங்கதான்."

தெவசம் வரைக்கும்

சிரித்துவிட்டேனே தவிர, மேக்கப் அறைக்குப் போய் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பவளம்மா பொல்லாதவள்தான். ஆனாலும் மூன்றாவதாக நின்றவளைக் கைப்பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவள் அவள். கதிர்வேலிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, கால்வலி அதனால் வேலையை விட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். பவளம்மா டிவியில் செத்த மறுநாளே யமுனாவின் அம்மா போன் செய்து, தட்டு மாற்ற நாள் பார்க்கச் சொன்னார்.

அந்தப் போட்டோவை எங்கே மாட்டப்போகிறார்கள் என்று நான் கேட்காமல் விட்டதுதான் தப்பு. சீரியல் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுகிற சோபாவுக்கு நேர் மேலே, சந்தன மாலை போட்டு, பொட்டு வைத்து, விளக்கேற்றி மாட்டிவிட்டார்கள். யார் யாரிடம் பேசினாலும் நடுவில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருந்தபோதுகூட எல்லா சீனிலும் நான் வந்ததில்லை. சேந்தமங்கலத்துச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக யமுனாவின் அம்மாவைக் கூப்பிட்டு, வரப்போகிற சம்பந்தியை இப்படி மாலையோடு பார்க்கிறோமே, மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறதே என்றார்களாம். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் வருஷம் திரும்புகிறவரை நல்ல காரியம் வைக்க எங்கள் பக்கம் தயங்குவார்கள். நான்காம் நாள் யமுனாவின் அம்மாவிடமிருந்து மறுபடி போன் வந்தது. "நாடகமுன்னு தெரியுமுங்க. ஆனாலும் மாலை போட்டு வெளக்கு வெச்சாச்சுங்களே. தெவசம் முடியட்டுங்க."

யமுனாவின் கணக்கு

வேலையும் போய், மருமகளும் போய், உயிரோடு இருந்துகொண்டே தீட்டுக் காத்தவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கதிர்வேல் கடையிலிருந்து வந்தால் சாப்பிட்டுவிட்டு டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யமுனா தனியாக பஸ் ஏறி வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். நாற்காலியில்கூட உட்காரவில்லை. பவளம்மா ஏன் திடீரென்று செத்தாள் என்று கேட்டாள். கால்வலிக் கதையை ஆரம்பித்தேன், அவள் பார்த்த பார்வையில் அது பாதியிலேயே நின்றுவிட்டது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். என் தியாகத்தைக் கேட்டு அந்தப் பெண் கண்கலங்கப் போகிறாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். அவள் கலங்கவில்லை. கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்காக நீங்க வேலைய விட்டீங்கன்னா, நாளைக்கு உங்களுக்காக நான் வேலைய விடோணும்னு ஒரு பேச்சு வருமுங்க அத்தை. மொதல்ல நீங்க வேலைக்குப் போங்க, அப்பறம் நான் கல்யாணம் பண்ணிக்கறேன்."

மாலை இறங்கிய நாள்

இத்தனை வருஷத்தில் வேலையைப் பிடித்துக்கொள் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் யமுனாதான். அவள் கிளம்பியதும் டைரக்டருக்குப் போன் போட்டேன். அவர் என்னைவிட மோசமான நிலைமையில் இருந்தார். பவளம்மா செத்ததிலிருந்து மருமகளை அழவைக்க ஆளில்லாமல், அவள் நிம்மதியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம், அதை யாரும் பார்க்கத் தயாராக இல்லையாம். படியில் விழுந்தது பவளம்மா இல்லை, அவளைப் போலவே இருந்த வேறொருத்தி என்று அரைமணி நேரத்தில் கதையை மாற்றிவிட்டார். இப்படி ஒரு கதையை வேறு எந்த ஆபீசிலாவது சொல்லிவிட்டு வேலையில் இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

பவளம்மா வாசல் வழியாக நடந்து வந்து, சோபா மேல் ஏறி, தன் போட்டோவிலிருந்த மாலையைத் தானே கழற்றி வீசுகிற சீன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் வந்தது. கதிர்வேல் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். மாலை கீழே விழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. விளம்பரம் போட்டதுமே என் போன் அடித்தது. யமுனாவின் அம்மா, ஓடி வந்து பேசுகிறவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "மாலைய எறக்கிட்டீங்கல்ல, இனித் தீட்டில்லீங்க. பொல்லாத சம்பந்தியா இருந்தாலும் பரவால்ல, உசுரோட இருந்தாப் போதுமுங்க. புதங்கெழம தட்டு மாத்திக்கலாம், வந்துருங்க."

மருமகளை விரட்ட ஆறு வருஷம் பாடுபட்டவள், ஒரு மருமகளைக் கூட்டிவர ஒரு தடவை செத்து ஒரு தடவை பிழைக்க வேண்டியிருந்தது, நல்ல வேளையாக எனக்கு ஒரே பையன்.