பதினாறு கையில் இருந்தால்

ஸுஹைறாவுக்குக் கோபம் வருவது பெரும்பாலும் எழுத்தைப் பார்த்துத்தான். ஒருமுறை உம்மாவின் அடையாள அட்டை விடயமாக ஓர் அரச அலுவலகத்துக்குப் போயிருந்தாள். கதவுக்கு மேலே புதுப் பலகை ஒன்று: 'கத்திருப்போர் அறை'. ஆட்கள் அதன் கீழேயே குந்தியிருந்தார்கள். அவள் உள்ளே போய்ச் சொன்னாள்.

"விளங்குதுதானே தங்கச்சி, பிறகென்ன?" என்றார் அங்கிருந்தவர்.

அந்தப் பதிலுக்காகவே அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, 'க'வுக்குப் பக்கத்தில் விடுபட்டிருந்த காலைக் கறுப்பு மாக்கரால் போட்டுவிட்டு இறங்கினாள். அதற்கு நல்ல ஏச்சு விழுந்தது. அவளும் விடவில்லை, திருப்பி ஏசினாள்.

புருஷன் ஜுனைட் கல்முனை பஸாரில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறவர். வம்புதும்புக்குப் போகாத மனிதர். "எனக்கு இவட கோவம் பயமில்ல. பேர்ப்பலகை எழுதுறவனுகள்தான் பாவம்" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒலுவில் கம்பஸில் மொழிபெயர்ப்புப் படித்தவள் அவள். அரச நியமனத்துக்குக் காத்திருந்து அலுத்துப்போய், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து வேலை செய்யத் தொடங்கினாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டு, தண்ணீர் மோட்டர்க் கையேடு, வங்கிச் செயலி என்று வந்ததையெல்லாம் தமிழாக்கினாள். தன் தமிழை ஒருவர் இரண்டாம் முறை வாசிக்கத் தேவையில்லை என்பது அவளுக்குப் பெருமை.

கொழும்பில் ஒரு நிறுவனம் போன் விளையாட்டுகளுக்கான உதவிப் பக்கங்களை அவளுக்கு அனுப்பத் தொடங்கியது. வேலையைப் பிரித்துக் கொடுத்தவன் சுஜிந்தன் என்றொரு பொடியன். முதலில் மிட்டாய் அடுக்கும் விளையாட்டு, பிறகு கார் ஓடும் விளையாட்டு. அதற்குப் பிறகு வந்தது பிளாக்ஜாக்: விதிகளும் அடிப்படை உத்தியும்.

தலைப்பைப் பார்த்ததும் அவள் போன் எடுத்தாள். "தம்பி, இது சூது. எங்களுக்கு ஹறாம். வேற ஆளப் பாருங்க."

"அக்கா, இதில காசு இல்ல. சும்மா பொயின்ட்ஸ்தான். ஃபைலத் திறந்து பாருங்க, மெசின் செய்த தமிழ் ஒண்டு கிடக்கு. நீங்க செய்யாட்டி அத அப்பிடியே போட்டிருவாங்கள்."

திறந்தாள். ஆடுபவர் இன்னொரு சீட்டுக் கடதாசி கேட்கிற இடத்தில் 'என்னை அடி' என்று இருந்தது. இருபத்தொன்றைத் தாண்டித் தோற்கிற இடத்தில் 'மார்பளவு'. கடதாசி பிரிக்கிறவர் 'வியாபாரி'. சூதாட்ட மேசையை நடத்துகிறவர்களுக்கு இயல்பாகவே இருக்கிற சாதகம் 'வீட்டின் விளிம்பு'. அவளுக்கு முகம் சூடேறியது. வேண்டாம் என்று சொல்லப் போனவள் கோபத்தில், "குடுங்க, நான் செய்றன்" என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் அவள் பிறந்த வீட்டிலும் சரி, வாழ்கிற வீட்டிலும் சரி, கடதாசிக் கட்டு நுழைந்ததே கிடையாது. ஆட்டம் விளங்காமல் தமிழ் வராது. காரைதீவில் இருக்கிற கம்பஸ் சிநேகிதி கஜேந்தினியைக் கூப்பிட்டாள். சித்திரை வருசத்துக்கு வீடு முழுக்க இருந்து முந்நூற்றிநாலு ஆடுகிற குடும்பம் அவளுடையது. ஒரு சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

"யன்னலச் சாத்து புள்ள. பக்கத்து மௌலவி வீட்டு ஆக்கள் பாத்தா என்னையும் சேத்து ஏசுவாங்க."

"பாக்கட்டும். நான் காசு வெச்சா ஆடுறன்?"

ஆங்கிலப் பக்கத்தை ஸுஹைறா வாசிக்க வாசிக்க, கஜேந்தினி கடதாசியைப் பிரித்தாள். ஆளுக்கு இரண்டு. பிரிப்பவருடைய இரண்டில் ஒன்று மட்டும் நிமிர்ந்து கிடக்கும். படம் போட்டவை எல்லாம் பத்து. ஆசு ஒன்றாகவும் இருக்கும், பதினொன்றாகவும் இருக்கும், எது வசதியோ அது. இருபத்தொன்றுக்குக் கிட்டப் போகவேண்டும். தாண்டினால் கதை முடிந்தது. பிரிப்பவருக்குச் சொந்த மூளை தேவையில்லை: பதினாறு வரைக்கும் இருந்தால் கட்டாயம் எடுக்கவேண்டும், பதினேழு வந்துவிட்டால் நிறுத்தவேண்டும்.

"அப்ப மூள வேண்டியது எனக்குத்தான்" என்றாள் ஸுஹைறா.

"உனக்கும் பெரிசா வேண்டாம். இந்த அட்டவணையப் பாரு."

அதுதான் அடிப்படை உத்தி. தன் கையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எதிரே நிமிர்ந்து கிடக்கிற கடதாசியையும் பார்க்கவேண்டும். அது நாலு, ஐந்து, ஆறு என்று இருந்தால் பிரிப்பவர்தான் இக்கட்டில் இருக்கிறார். பன்னிரண்டோ பதிமூன்றோ கையில் இருந்தாலும் அசையாமல் இருக்கலாம். ஏழு தொடக்கம் மேலே இருந்தால் பயந்து நிற்கக் கூடாது, பதினேழு வரும்வரை கேட்கவேண்டும். இரண்டு எட்டு வந்தால் பிரித்து இரண்டு கையாக ஆடு. இரண்டு பத்து வந்தால் பிரிக்காதே. காப்புறுதி என்று ஒன்றை நீட்டுவார்கள், அதைத் தொடாதே.

ஆட ஆட அவளுக்குச் சொற்கள் பிடிபட்டன. 'இன்னொன்று', 'போதும்' என்று இரண்டு சொல்லை வைத்தாள். இருபத்தொன்றைத் தாண்டுவதற்குத்தான் நெடுநேரம் யோசித்தாள். கஜேந்தினி பதினைந்து கையில் இருக்க ஒரு ராணியை இழுத்துவிட்டுத் தலையில் கைவைத்தபோது, மழைக்கு வயல் வரம்பு உடைந்து தண்ணீர் பாய்கிறது ஸுஹைறாவுக்கு நினைவு வந்தது. 'வரம்புடைந்தது' என்று எழுதினாள். எழுதிவிட்டுத் தானே சந்தோஷப்பட்டாள்.

பிறகுதான் ஒன்று உறுத்தியது. "இஞ்ச பாரு. நான் வரம்புடைஞ்சா தோல்வி. மறுகா நீயும் உடைஞ்சா? ரெண்டு பேரும் சமன்தானே?"

"இல்ல. நீ முதல்ல உடைஞ்சிட்டாய். உன்ட காச நான் அப்பவே எடுத்திட்டன். மறுகா நான் உடைஞ்சென்ன, உடையாட்டி என்ன."

"இது அநியாயம்!"

"அநியாயமில்ல புள்ள, இதுதான் அவங்கட பொழைப்பே."

ஆங்கிலப் பக்கத்தின் அடியில் அது ஒரு வரியாக இருந்தது. ஸுஹைறா அந்த வரியைத் தமிழில் மேலே கொண்டுவந்து, தலைப்புக்குக் கீழேயே வைத்தாள்: 'இந்த உத்தியை ஒரு பிழையும் விடாமல் பின்பற்றினாலும், ஆடிக்கொண்டே இருந்தால் கடைசியில் மேசைக்காரனே வெல்வான்.' அனுப்பினாள். நல்ல தமிழ் என்று சுஜிந்தன் கும்பிடுகிற கைகளின் படத்தைப் பதிலாக அனுப்பினான்.

மாரிப்போக அறுவடை தொடங்கியது. அவளுடைய தம்பி பஸால் நெல் வெட்டும் மெசின் ஓடுகிறவன். வரிப்பத்தான்சேனைப் பக்கம் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பகல் சாப்பாட்டுக்கு ராத்தா வீட்டுக்கு வந்தான். மோட்டர்சைக்கிளில் வராமல் பஸ்ஸில் வந்தான். கேட்டதற்கு, கராஜில் நிற்கிறது என்றான்.

சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அவன் போனைப் பார்த்து முனகினான். "சே! வரம்புடைஞ்சிட்டு."

"எந்த வயல்லடா?" என்றாள் அவள். "வெட்டுற நேரத்தில தண்ணி எங்கால?"

"வயல் இல்ல ராத்தா. இது வேற."

அவள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அந்தச் சொல் அந்த அர்த்தத்தில் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. கரண்டியைச் சோற்றுக்குள் குத்திவிட்டுப் போனைப் பறித்தாள்.

பச்சை மேசை, இரண்டு கடதாசி, 'இன்னொன்று', 'போதும்'. ஓரத்தில் உதவி என்றிருந்ததை விரலால் அமர்த்தினாள். அவளுடைய பக்கம் விரிந்தது. ஒவ்வொரு வசனமும் அவள் வைத்தபடியே இருந்தது. தலைப்புக்குக் கீழே மட்டும் அந்த வரி இல்லை. அந்த இடத்தில் வேறொன்று இருந்தது: 'சரியான உத்தி தெரிந்தவர் வெற்றிக்கு அருகில் இருக்கிறார்.' மேல் மூலையில் பஸாலுடைய கணக்கு மீதி. ரூபாயில்.

"மோட்டர்சைக்கிள் எங்க?"

பஸால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"எங்கடா?"

"வித்துப்போட்டன். எடுத்திடுவன் ராத்தா. முந்தி தெரியாம ஆடித்தான் காசு போன. இப்ப எல்லாம் சரியா விளங்குது. பதினாறு கையில இருந்தா, அவண்ட பத்து கிடந்தா, பயந்து நிக்கக் கூடாது, கேக்கத்தான் வேணும். அவ்வளவு தெளிவாப் போட்டிரிக்கான்."

"போட்டிரிக்கான் இல்லடா. நான்தான் போட்ட! உனக்குத் தெரியுமா? நான்!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கியதும் அவனுக்கும் கோபம் வந்தது. "அப்ப எழுதுறது உங்களுக்கு ஹலால், ஆடுறது மட்டும் எனக்கு ஹறாமா? உங்கட தமிழ் இல்லாட்டி, மத்ததுகளில கிடக்கிற 'என்னை அடி'யப் போல இதையும் பாத்துச் சிரிச்சுப்போட்டு அழிச்சிரிப்பன், ராத்தா."

கையைக் கழுவாமலே எழும்பிப் போய்விட்டான்.

ஸுஹைறா சுஜிந்தனுக்கு எடுத்தாள். "நான் எழுதின வரி எங்க?"

"எந்த வரி அக்கா?"

"மேசைக்காரன்தான் வெல்லுவான் எண்ட வரி."

"அது... வாசிக்கிற ஆக்கள வெருட்டுது எண்டு கிளையன்ட் எடுக்கச் சொன்ன."

"காசில்ல, பொயின்ட்ஸ் எண்டு சொன்னீங்க."

"எனக்குச் சொன்னதத்தான் அக்கா நான் உங்களுக்குச் சொன்ன."

"அந்த வரியத் திருப்பிப் போடுங்க. இல்லாட்டி என்ட தமிழ் முழுக்கக் கழட்டுங்க. அந்த மெசின் தமிழயே போடுங்க. ஓம், 'மார்பளவு'ண்டே போடுங்க!"

"அது இப்ப கொம்பனிட சொத்தக்கா. நீங்க கோவப்படுறதில ஞாயம் இரிக்கி, ஆனா..."

அவள் துண்டித்துவிட்டாள். அதன் பிறகு அந்த நிறுவனத்தின் வேலை எதையும் தொடவில்லை. ஆனால் அவள் தொடாததால் அந்தப் பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜுனைட்டை அனுப்பி பஸாலை இழுத்துவரச் செய்தாள். மேசையில் கஜேந்தினியின் கடதாசிக் கட்டு; பக்கத்தில் காசுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் புளியங்கொட்டை.

"ஆடு. நான் பிரிக்கிறன். நீ படிச்ச உத்தியில ஒண்டும் பிசகாம ஆடு."

ஜுனைட் தயங்கினார். "என்ன செய்ற இது? வீட்டுக்குள்ள..."

"நீங்க கதைக்காதீங்க."

அன்றைக்கு பஸால் வென்றான். ஆசும் ராசாவுமாக அவனுக்கு வந்துகொண்டே இருந்தது. அஸர் பாங்கு சொல்லும்போது கொட்டைக் குவியல் அவன் பக்கம் இருந்தது. "பாத்தீங்களா?" என்று சிரித்துக்கொண்டே போனான். ஸுஹைறா அடுப்படிக்குப் போய்ச் சட்டியொன்றைத் தரையில் போட்டு உடைத்தாள்.

அவள் அவனை விடவில்லை. அதற்கடுத்த வாரமும் கூப்பிட்டாள். மெதுவாகத் தோற்றான், கை சரியில்லை என்றான். அதற்கடுத்த வாரம் அறுவடை முடிந்துவிட்டது. நேரம் நிறைய இருந்தது. காலையிலிருந்து ஆடினார்கள். எட்டுகளைப் பிரித்தான். பதினொன்று வந்தபோது பந்தயத்தை இரட்டித்தான். காப்புறுதியைத் தொடவில்லை. கொஞ்சம் வெல்வான், அதைவிடக் கொஞ்சம் கூடத் தோற்பான். அவன் பக்கத்துக் கொட்டைக் குவியல் இறங்கிக்கொண்டே போனது. கடைசிக் கொட்டைகளை வைத்தபோது அவனுக்குப் பதினாறு, அவள் பக்கத்தில் நிமிர்ந்து கிடந்தது பத்து. கேட்டான். ஒன்பது வந்தது.

அவள் கவிழ்ந்து கிடந்த தன் கடதாசியைத் திருப்பினாள். ஆறு. பிறகு கட்டிலிருந்து அடுத்ததை எடுத்துப் போட்டாள். அதுவும் பத்து, அவளும் உடைந்தாள். இருந்தும் கொட்டைகளை வாரித் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

பஸால் மேசையில் ஓங்கி அடித்தான். "இது என்ன ஆட்டம்? நான் எங்க பிழ விட்ட? சொல்லுங்க! ஒரு இடம் காட்டுங்க!"

"நீ ஒரு பிழையும் விடல்ல."

"அப்ப ஏன்?"

"அதத்தான்டா அவனுகள் வெட்டிப் போட்ட!" என்று கத்தினாள். "அந்த ஒரு வரியத்தான்! நான் எழுதின வரி, உன்னட்ட வரவிடாம வெட்டிப் போட்டானுகள்!"

அவன் கடதாசிகளை வீசியெறிந்தான். கதவு அடித்துச் சாத்திய சத்தம் தெருவுக்கே கேட்டது. ஜுனைட் குனிந்து மேசைக்குக் கீழே போனவற்றைப் பொறுக்கினார். ஸுஹைறா நாற்காலியிலேயே இருந்தாள். யார் மேல் கோபம் என்று கேட்டிருந்தால் அவளால் ஒரு பெயரைச் சொல்லியிருக்க முடியாது. கொழும்புப் பொடியன் மேலா, முகம் தெரியாத கிளையன்ட் மேலா, பஸால் மேலா, ஒருவரும் இரண்டாம் முறை வாசிக்கத் தேவையில்லாத தன் தமிழ் மேலா.

பஸால் உடனே திருந்திவிடவில்லை. அந்தச் செயலியை அழித்தான் என்று உம்மா சொன்னா. சிறுபோகத்துக்கு முன் வேலையில்லாத நாட்களில் திரும்பவும் எடுத்தான் என்றும் அவதான் சொன்னா. பிறகு ஒரு நாள், பொத்தான் போன் ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதை உம்மாவின் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை அவவிடமே கொடுத்தானாம். ராத்தாவோடு மட்டும் கதைக்கவில்லை. நோன்பு வந்து போனது. நோன்புப் பெருநாளுக்கும் வரவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்தான். மச்சானோடு மெசினைப் பற்றியும் டீசலைப் பற்றியும் கதைத்தான். ஸுஹைறா அவனுக்கு முதலில் சோறு வைத்தாள். அவளுக்குக் கோபம் இன்னும் இருந்தது. அவனுக்கும் இருந்தது, முகத்தில் தெரிந்தது.

"கறி வைக்கவா?" என்றாள்.

"ஓம், வைங்க" என்றான் பஸால்.