சுண்ணாம்பு மலையில் வந்த அழைப்பு

நடப்பதற்காகவே நடக்கிறவர்களை எனக்கு விளங்குவதில்லை. ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். விடியற்காலை ஆறு மணியிலிருந்து துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு திரிகிறவளுக்கு லீவு நாளில் ஒரு கதிரை கிடைத்தால் போதும். ஆனாலும் அந்தப் பெப்ரவரியில் ஏழு மணித்தியாலம் ரயிலில் இருந்து, வடக்கே ரூகன் தீவின் கடலோர மலைகளில் நடக்கப் போனேன். கூப்பிட்டவள் என் சிநேகிதி. அவளிடம் ஏலாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எல்லாப் பிரச்சினைக்கும் காரணம் அதுதான்.

பத்து மாதத்துக்கு முன் அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். வெட்டி எடுத்துவிட்டுக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். கீமோ தேவைப்படவில்லை, தலைமுடி கொட்டவில்லை. அதனால் ஒளிக்க முடிந்தது. புருஷன் இறந்து ஏழு வருடம். ஒரே மகள் கார்ல்ஸ்ரூஹேயில் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அந்தப் பிள்ளைக்குக் கொலோனில் ஒரு இடத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சனம் சாதகம் பார்ப்பதோடு நிற்காது. தாய்க்கு என்ன வருத்தம், தாய்வழியில் யார் எதனால் செத்தார்கள் என்று யாரையாவது பிடித்து விசாரிக்கும். பரம்பரை வருத்தம் என்று ஒரு கதை அடிபட்டால் அதோடு சரி. மகளுக்குத் தெரிந்தால் அவள் மறைக்கமாட்டாள் என்பதால் மகளுக்கும் சொல்லவில்லை. தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

டொக்டர் தந்த ஒவ்வொரு டெர்மினுக்கும் நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மகள் போன் எடுத்தால் பொய் சொன்னதும் நான்தான். அம்மாவுக்கு ஓவர்டைம், அம்மா கோயிலுக்குப் போய்விட்டா, அம்மா போனை என் வீட்டில் மறந்துவிட்டா. சிகிச்சை முடிந்தவர்களை உடம்பு தேற மூன்று கிழமை எங்காவது அனுப்புவார்கள், ரேஹா என்று பெயர். அதற்காக அவள் ரூகனுக்கு வந்தபோது, வேலையிடத்தால் பெர்லினுக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்து, சோறு தீத்தி, கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அவளிடம் சொன்ன பொய்யை, பிறகு மாறிச் சொல்லிவிடாமல் இருக்க, ஒவ்வொரு முறையும் கலண்டரில் குறித்துவைப்பேன்.

அன்றைக்கு வெயிலே இல்லை. கடற்காற்று காதை அறுத்தது. இலை உதிர்ந்த மரங்களுக்குள்ளால் பாதை ஏறும், ஒரு ஓடை வந்தால் மரப்படியில் இறங்கும், மறுபடியும் ஏறும். இடது பக்கம் தடுப்புக்கு அப்பால் வெள்ளைச் சுண்ணாம்பு மலை நேரே கடலுக்குள் விழுந்தது. வடிவுதான். வடிவைப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. வருத்தக்காரி மூன்று கிழமை தேகப்பயிற்சி செய்த தெம்பில் முன்னால் போனாள்.

"என்னப்பா இப்பிடி மூச்சு வாங்குறீர்? வருத்தக்காரி நானோ, நீரோ?"

பாதையோரத்தில் கிடந்த ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன மீன் றோல்ஸைச் சாப்பிட்டோம். கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது. அங்கேதான் சொல்லிவிட்டேன்.

"எனக்கு இனி ஏலாது. பிள்ளைக்குப் பொய் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்."

"இன்னும் ரண்டு மாசம் பொறும். கொலோன் விசயம் சரிவரட்டும், நானே சொல்லுறன்."

"தெரிஞ்சால் உம்மை மன்னிப்பாள். நீர் தாய். என்னை?"

"சும்மா விசர்க்கதை கதையாதேயும்" என்று எழும்பி நடந்தாள்.

கடலைப் பார்க்கக் கட்டியிருந்த மேடைக்கு வந்தபோது என் போன் அடித்தது. மகள்.

"அன்ரி, அம்மா ரண்டு நாளாப் போன் எடுக்கிறா இல்லை. எனக்கு நாளைக்கு லீவு. பெர்லினுக்கு டிக்கெட் எடுத்திட்டன், நேர போய்ப் பாக்கப்போறன். எந்த ஹோட்டல் எண்டு சொல்லுங்கோ."

போன் சத்தமாக இருந்தது. சிநேகிதிக்கும் கேட்டது. வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ஒரு ஹோட்டல் பெயர் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பயிற்சி இடம் மாறிவிட்டது என்று சொல்லவேண்டும். உண்மையைச் சொல்லவேண்டும் என்ற ஞானம் எதுவும் அந்த இடத்தில் பிறக்கவில்லை. கால்விரல் விறைத்திருந்தது, முழங்கால் வலித்தது, இன்னொரு பொய்யைச் சோடிக்கத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

"கொம்மா இஞ்ச எனக்குப் பக்கத்திலதான் நிக்கிறா. இந்தா, கதை."

போனை வாங்கும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தேவையில்லை. மேடையின் மறுகோடிக்குப் போய், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கதைத்தாள். இருபது நிமிடமாவது இருக்கும். தோள் குலுங்கியது, பிறகு அடங்கியது. திரும்பி வந்து போனைத் தந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"என்ன சொன்னவள்?"

"அழுதவள். பிறகு நேர்ஸ் மாதிரி எல்லாம் கேட்டவள், எந்த டொக்டர், என்ன மருந்து எண்டு. நாளைக்கு இஞ்ச வாறாள்." மூக்கைத் துடைத்தாள். "அன்ரிக்கு எப்பயிலிருந்து தெரியும் எண்டும் கேட்டவள்."

"நீர் என்ன சொன்னீர்?"

"முதல் நாளிலயிருந்து எண்டு சொன்னன். இனியும் என்னத்தை ஒளிக்கிறது?"

திரும்பும் பாதையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என்மேல் கோபம் இல்லை, பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது என்றாள். அன்று பின்னேரமே ரயில் ஏறிவிட்டேன்.

கொலோன் சம்பந்தம் குழம்பவில்லை. மகளே மாப்பிள்ளைக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் ஒரு கிழமை யோசித்துவிட்டு ஓம் என்றார்கள். பத்து மாதம் நாங்கள் பட்ட பாடு ஒரு கிழமைக் கதையாகப் போனது. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

மகள் எனக்குப் போன் எடுக்கவில்லை. நான் மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் மரியாதையாகக் கதைத்து, வேலைக்கு நேரமாகிறது என்று வைத்தாள். கலியாணத்தன்று வரிசையில் நின்று மேடையேறி, அறுகம்புல்லும் அரிசியும் கலந்த அறுகரிசியைத் தூவி ஆசீர்வதித்தேன். முன்பென்றால் என் வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறக்கிற பிள்ளை, நிமிர்ந்து சிரித்தாள்.

"வந்தது சந்தோசம் அன்ரி. சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும், என்ன?"

எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடமும் அதைத்தான் சொன்னாள். படியிறங்கும்போது, எனக்குப் பின்னால் நின்றவரிடமும் சொல்வது கேட்டது.