ஏன் இரண்டு இல்லை?

"நாலு தடவ பேசினா தீர்றதுக்கு இதென்ன குழாயடிச் சண்டையா?" என்றார் அப்பா. கல்லூரி ஆலோசகரை நான்கு முறை பார்க்கப் போகிறேன் என்று, சாயா டம்ளரை அவர் கையில் கொடுத்தபடி சொல்லியிருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் மட்டாஞ்சேரியில் துப்புரவுப் பணியாளர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் களமசேரிக் கல்லூரியில், முதுகலையின் முதல் செமினாரில் தொண்டை அடைத்துப் பாதியில் மேடையிலிருந்து இறங்கிவிட்டேன். பிறகு செமினார் நாட்களில் வகுப்புக்கே போகவில்லை. வருடம் முடிவதற்குள் ஒரு செமினாராவது கொடுக்காவிட்டால் பட்டம் கிடையாது.

சின்ன வயதிலிருந்து நடந்ததையெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு ஆலோசகரிடம் போனேன். அவர் கேட்டுக்கொண்டார், தோண்டவில்லை. பயம் போன மறுநாள் நான் என்ன செய்துகொண்டிருப்பேன் என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன் என்றேன். படிப்பை விடுவது பூஜ்யம், செமினாரைப் பேசி முடிப்பது பத்து என்றால் இப்போது எங்கே நிற்கிறாய் என்று கேட்டார். மூன்று என்றேன். மிச்சமுள்ள ஏழு புள்ளிகளைப் பற்றித்தான் அடுத்த கேள்வி என்று நினைத்தேன்.

"மூணா? ஏன் ரெண்டு இல்ல?"

அதற்குப் பதில் தேட, எங்கே தொண்டை அடைப்பில்லாமல் பேசுகிறாய் என்று கவனித்துவிட்டு வா என்றார்.

என்னையே வேவு பார்த்தபடி திரிந்தேன். அந்த வியாழக்கிழமை அம்மாவின் வேலையிடத்துக்குச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. மலையாளத்தில் வருவதை உரக்கப் படித்துத் தமிழில் சொல்வது எப்போதும் என் பொறுப்பு. அங்கே போனபோது இருபது பேர் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"மெல்லப் போ மோளே, உனக்கென்ன படகைப் பிடிக்கணுமா?" என்றார் அம்மாவோடு வேலை பார்க்கும் ஒரு சேச்சி. சிரித்துவிட்டு முதலிலிருந்து சொன்னேன். தொண்டை அடைக்கவேயில்லை. யாரும் மதிப்பெண் போடாததால் இதைப் பேச்சென்றே நான் எண்ணியதில்லை.

இரண்டாம் சந்திப்பில் இதைச் சொன்னபோது, நான்கு எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டார். செமினாரை வீட்டில் சொல்லிப் பார்ப்பது என்றேன்.

கடல் அரிப்புதான் என் தலைப்பு. அம்மா கீரை ஆய்ந்தபடி கேட்டாள். அப்பா இரண்டு முறை குறுக்கிட்டார். "அப்போ வைப்பின் தீவுல வீட்டுக்குள்ள தண்ணி ஏறுறது இதனாலயா?" புத்தகத்தில் அவ்வளவு நேராக யாரும் கேட்டிருக்கவில்லை. பதில் சொல்லச் சொல்ல எனக்கே இன்னும் புரிந்தது.

குரல் நடுங்காது என்று சொல்லமாட்டேன். இரண்டு சந்திப்புகள் மிச்சம் இருக்கின்றன. இன்று காலை, துறைக் கதவில் ஒட்டியிருந்த செமினார் பட்டியலில் அடுத்த புதன்கிழமைக்கு நேரே என் பெயரை எழுதிவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.