ஏட்டின் ஸ்கூட்டரில் ஒரு பச்சை பெல்ட்

சந்தன நிறத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர். அதன் பின் சீட்டில் நான்கு அடுக்குச் சோற்றுத் தூக்கு. தூக்கைச் சீட்டோடு இறுக்கிக் கட்டியிருப்பது ஒரு பச்சை பெல்ட். மூட்டை தூக்குகிறவர்கள் இடுப்பில் கைலிச் சாரத்துக்கு மேல் கட்டுவார்களே, கையகலத்தில், காசு வைக்கப் பையோடு, அந்த பெல்ட். ஆரியசாலைத் தெருவின் காலை நெரிசலை ஹாரன் அடித்து விலக்கிக்கொண்டு அந்த ஸ்கூட்டர் போவதை ஒவ்வொரு விடுமுறையிலும் பார்த்திருக்கிறேன். ஓட்டிக்கொண்டு போகிறவர் எங்கள் பகுதி ஸ்டேஷனின் ஏட்டு. எல்லோரும் தாங்கள் நேசித்தவர்களைப் பற்றித்தான் நினைவுக் குறிப்பு எழுதுகிறார்கள். நான் வெறுத்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நேசித்தவர்களைக்கூட நான் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அவர் இவர் என்று எழுதுவது பட்டாளம் கற்றுக்கொடுத்த பழக்கம், மனசில் அந்த மரியாதை கிடையாது.

அப்பா மசாலாக் கிட்டங்கி ஒன்றில் மூட்டை அடுக்குகிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் இந்த மலையாள ஊருக்கு வந்தவர். லாரியில் ஏற்றி இறக்குவது யூனியன்காரர்கள் வேலை, கிட்டங்கிக்குள் கூரை வரை அடுக்குவது இவர்கள் வேலை. ஒருநாள் கொத்தமல்லி மூட்டை ஒன்று குறைந்தது. முதலாளி ஸ்டேஷனுக்குச் சொல்ல, ஏட்டு வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். ஏன் அப்பாவை என்று கேட்டால் காரணம் எதுவும் இல்லை, வாசலுக்குப் பக்கத்தில் நின்றது அவர். நான் அப்போது வடக்கே, ஆப்பிள் மரங்கள் உள்ள ஒரு மலையில் பட்டாளத்துக் காவல் வேலையில் இருந்தேன். இரண்டு நாள் கழித்து, பார்த்தவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டதை அம்மா போனில் சொன்னாள்.

"ஒங்கப்பாவ ஜட்டியோட ஒக்கார வச்சிட்டாங்கல. பெல்ட்டயும் சாரத்தையும் உருவிட்டாங்க. பாண்டிக்குக் களவு பொறவிக் கொணம்னு சொன்னானாம் அந்த ஏட்டு."

பாண்டி என்பது தமிழனுக்கு இங்கே வைத்திருக்கும் வசைப் பெயர். லாக்கப்பில் துணியை வாங்கி வைத்துக்கொள்வார்களாம், தூக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று. அது வழக்கமாம். ஆனால் அப்பா லாக்கப்பில் இல்லை. ஏட்டின் மேஜைக்கு எதிரே தரையில், பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர்கள், விபத்துக் கேஸுக்கு வந்தவர்கள், அவர்களோடு வந்த பெண்கள் எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தார். விரல்களில் அடி. சாயங்காலம் கிட்டங்கியின் பின்னறையில் அந்த மூட்டை கிடைத்துவிட்டது. போ என்றார்கள். சாரத்தைக் கொடுத்தார்கள், பெல்ட்டைக் கொடுக்கவில்லை. விரல்கள் வீங்கியிருந்ததால் சாரத்தைச் செருக அப்பாவால் முடியவில்லை. இரண்டு முழங்கைகளாலும் அதை இடுப்போடு அமுக்கிப் பிடித்தபடி, தினமும் பார்க்கிற கடைக்காரர்கள் நடுவே, சாலை பஜார் முழுக்க நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒருவர்கூடக் கூப்பிட்டுச் சாரத்தை முடிந்துவிடவில்லை. அந்த நடையை நான் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் அது இன்றுவரை என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அடுத்த லீவில் வந்தபோது அம்மா ஜன்னல் வழியாகக் காட்டினாள். "அந்தா போறான் பாரு. ஒங்கப்பா பெல்ட்டத்தான் சோத்துத் தூக்குக்குக் கெட்டிக்கிட்டுத் திரியான், பாவி." எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. செருப்புப் போடாமல் இறங்கினேன். அப்பா பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்தார். "கேஸ் ஆச்சுன்னா ஒன் வேல போயிரும். சவத்த விட்டுத் தொலைல" என்றார். சொல்லும்போது ஸ்கூட்டர் எங்களைக் கடந்தது. அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பின் கவனித்தேன், அந்த ஹாரன் சத்தம் கேட்டாலே அப்பா திரும்பிவிடுவார். டீக் கிளாஸ் கையில் இருந்தாலும் சரி, யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் சரி, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அன்று முடிவு செய்தேன். பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கியதும் போலீஸில் சேருவது. என்னோடு இருந்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு உட்கார வேண்டும், பிளாட்டில் செக்யூரிட்டி ஆபீஸர் ஆக வேண்டும், ஊரில் ரப்பர் போட வேண்டும் என்று பேசுவார்கள். எனக்கு ஒரே யோசனைதான். பனியில் காவல் நிற்கும் இரவுகளில் அதை மனசுக்குள் நடத்திப் பார்ப்பேன். நான் காக்கியில் மேஜைக்குப் பின்னால் இருப்பேன். ஏட்டு எதிரே தரையில், ஜட்டியோடு. அடிக்க மாட்டேன். நிதானமாக டீ குடிப்பேன், அவ்வளவுதான். அந்த டீயின் ருசி எனக்கு உதவியது என்று சொல்ல வெட்கப்படவில்லை. பகைக்கும் ஒரு கதகதப்பு உண்டு.

ஓய்வு பெற்று வந்தேன். முன்னாள் ராணுவத்தாருக்கு வயதில் சலுகை உண்டு என்பதால் கான்ஸ்டபிள் வேலைக்கு ஒரே ஒருமுறை விண்ணப்பிக்க முடியும். என்னோடு பட்டாளத்தில் இருந்துவிட்டு எனக்கு முன்பே போலீஸில் சேர்ந்திருந்த ஒரு நண்பனைப் பார்க்கக் கல்லாற்றுக்குப் போனேன். தமிழ் தெரிந்த மலையாளி. ஆற்றங்கரையில் அவன் மனைவியின் டீக்கடை. வெந்நீரில் கிளாஸைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"சேட்டா, நீங்க ஹவில்தாரா இருந்ததெல்லாம் கேட்டுக்கு வெளிய. உள்ள வந்தா புதுப் பையன்தான். அந்த ஏட்டுக்கு இப்ப கிரேடு எஸ்.ஐ. ஆயாச்சு. பின்னே, அவரக் கண்டா நீங்கதான் சல்யூட் அடிக்கணும், கேட்டோ. ட்ரெயினிங் முடிஞ்சு நீங்க வெளிய வரும்போது அவர் ரிட்டயர் ஆயிருப்பார்."

இத்தனை வருடத் திட்டத்தில் இதை நான் யோசிக்கவே இல்லை. என் கனவில் நான் எப்போதும் மேஜைக்குப் பின்னால் இருந்தேன், அங்கே எப்படிப் போய் உட்கார்ந்தேன் என்று கேட்டுக்கொண்டதே இல்லை. ஆனாலும் மனம் விடவில்லை. அந்தச் சமயத்தில் தேர்தல் வந்தது. வாக்குச்சாவடிக் காவலுக்கு முன்னாள் ராணுவத்தாரை ஸ்பெஷல் போலீஸாக எடுப்பார்கள். ஒருநாள் போலீஸ். போலீஸ் வேலை எனக்கு ஒத்துவருமா என்று பார்க்க என்று வீட்டில் சொன்னேன். பொய். அந்த ஸ்டேஷனுக்கே போய்ப் பெயர் கொடுத்து, ஏட்டு பொறுப்பில் இருக்கும் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கினேன்.

கிரேடு எஸ்.ஐ. ஆனாலும் ஊருக்கு அவர் ஏட்டுதான். வயிறு முன்னால் தள்ளி, முடி உதிர்ந்து, முழங்கால் வலியோடு ஆள் மாறியிருந்தார். அதைவிட மோசம், என்னிடம் அன்பாக இருந்தார். "பட்டாளம், வாடோ" என்று நிழலில் நாற்காலி போடச் சொன்னார். நடக்க முடியாத வாக்காளர்களை நான் தூக்கிக்கொண்டு போய் விட்டதைப் பார்த்து, "உன்னப் போல ஆளுதான் போலீஸுக்கு வேணும். அப்ளை பண்ணு, நான் எல்லாம் சொல்லித் தாரேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பகையாளி பகையாளியாக இருக்க வேண்டாமா? மதியம் கூட்டம் குறைந்ததும் வேப்பமரத்தடியில் நின்ற ஸ்கூட்டரிலிருந்து பச்சை பெல்ட்டை அவிழ்த்தார், தூக்கைத் திறந்தார், பொரித்த மத்தி ஒன்றை மூடியில் வைத்து என் பக்கம் நீட்டினார். நான் மீனைத் தொடவில்லை.

"இந்த பெல்ட் யாரோடது சார்?" என்று கேட்டேன்.

"ஆவோ, ஆருக்கு ஓர்மை?" என்றார் முள்ளை எடுத்தபடி. "ஸ்டேஷன்ல கெடந்ததாடோ. இது போல எத்தனயோ கெடக்கும் அங்க. பாண்டிங்க விட்டுட்டுப் போறது."

"எங்க அப்பாவோடது."

நிமிர்ந்து பார்த்தார். அப்பா வேலை பார்த்த கிட்டங்கியைச் சொன்னேன், கொத்தமல்லி மூட்டையைச் சொன்னேன், விரல்களைச் சொன்னேன். அவர் முகத்தில் நான் தேடியது பயம்கூட அல்ல, ஓர்மை என்றாரே, அந்த ஞாபகம். அது வரவே இல்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்தார், பாவம். பிறகு, "அப்படியா? எங்கில் நீ எடுத்தோ. எனக்கு ஒரு கயிறு போதும்" என்று பெல்ட்டை என் மடியில் போட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். பறித்தெடுக்க வேண்டும் என்று நான் வருடக்கணக்காக நினைத்திருந்ததை எனக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார். அன்றைக்குப் போல நான் யாரையும் வெறுத்ததில்லை.

வீட்டுக்கு வந்து பெல்ட்டை அப்பாவின் கையில் வைத்தேன். அம்மா அழுதாள். அப்பா அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, உட்புறத்தைத் திருப்பித் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னது இல்லல."

"நல்லாப் பாருங்கப்பா."

"எனக்கு இடுப்பு பொத்துப்போயிக் கெடந்தப்போ ஒங்கம்மா உள்ள பழந்துணி வச்சுத் தச்சா. இதுல தச்ச தடமே இல்ல. இங்க பாரு, ஓரத்துல கம்பியக் காச்சி ஓட்ட போட்டிருக்கான். இவன் ஒட்டி இடுப்புக்காரன்ல. இது வேற எவனோ."

அம்மா ஜன்னலிலிருந்து நிறத்தைப் பார்த்தாள். நான் அம்மா சொன்னதைப் பார்த்தேன். அப்பாதான் பார்த்திருக்க வேண்டியவர், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ஒருவரும் அந்த பெல்ட்டை ஒழுங்காகப் பார்க்காமலே அதற்காக இத்தனை காலம் பற்றி எரிந்திருக்கிறோம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா உட்காரவில்லை. விட்டுத் தொலை, விட்டுத் தொலை என்று சொல்லியே காலத்தை ஓட்டிய அந்த மனிதரின் முகம் சிவந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்போ இன்னொருத்தனும் இப்படித்தான சாரத்தப் புடிச்சுக்கிட்டு நடந்திருப்பான்?" என்றார். "எனக்குன்னா விட்ருவேன்ல. இத எப்படி விட?"

மறுநாள் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கிட்டங்கி கிட்டங்கியாக ஏறி இறங்கினார். ஸ்டேஷனில் பெல்ட்டை விட்டுவிட்டு வந்தது யார் என்று சத்தமாகக் கேட்டார். தன் கதையை முதலில் சொல்லிவிட்டுக் கேட்டார். அதுவரை தன் பெண்டாட்டியிடம்கூட அவர் வாயால் சொல்லாத கதை. முதலில் சிலர் சிரித்தார்கள், சிலர் உள்ளே போய்விட்டார்கள். பிறகு வெங்காயக் கடையில் ஒருவர், தனக்கும் அப்படி ஒன்று போயிற்று, ஆனால் இது இல்லை என்றார். இரும்புக் கடைப் பக்கம் இன்னொருவர். வாரக் கடைசியில் ராதாபுரத்துக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்தார். வற்றல் போல மெலிந்த ஆள். பெல்ட்டை வாங்கி இடுப்பில் சுற்றினார், கொக்கி அந்தச் சுட்ட ஓட்டையில் போய் உட்கார்ந்தது. அவரும் முழங்கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்தானாம். இரண்டு கிழவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

போலீஸ்காரர்கள் மேல் புகார் சொல்ல ஓர் ஆணையம் இருக்கிறது என்பதைக் கல்லாற்று நண்பன் ரகசியமாகச் சொன்னான். இன்னொன்றும் சொன்னான். "அப்ளிகேஷன் போட்டுட்டு சாட்சியும் சொல்ல நிக்காதீங்க சேட்டா. காக்கி போட்டா நாங்க ஒருத்தனும் இன்னொருத்தனுக்கு எதிரா வாய் தொறக்க மாட்டோம். ரெண்டுல ஒண்ணு." வேப்பமரத்தடியில் ஏட்டு சொன்னதைக் கேட்டது நான் ஒருவன்தான். விண்ணப்பத்தின் கடைசி நாள் வந்தது, போனது. எனக்கு வருத்தமே இல்லை. காக்கி போட்டுக்கொண்டு சல்யூட் அடிப்பதைவிட, போடாமல் எதிரே நின்று விரல் நீட்டுவது எனக்கு ருசியாக இருந்தது. இப்போது ஒரு பிளாட்டில் செக்யூரிட்டி ஆபீஸர். கேட்டைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

ஏட்டு ஓய்வு பெறுவதற்கு முன்பே அப்பாவும் ராதாபுரத்துக்காரரும் கொடுத்த புகார் போய்ச் சேர்ந்துவிட்டது. விசாரணை இழுக்கிறது. அவர் பென்ஷன் தொங்குகிறது, தொங்கட்டும். அவருக்குப் பேரக்குழந்தைகள் உண்டு, முழங்கால் வலி உண்டு, மத்தியைப் பகிர்ந்து சாப்பிடுகிற குணம் உண்டு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்கிறேன், தொங்கட்டும். முதல் விசாரணையில் பெல்ட்டை மேஜையில் வைத்து, இது யாருடையது என்று அதிகாரி கேட்டார். ஏட்டு இந்தத் தடவை ஓர்மை இல்லை என்று சொல்லவில்லை. ராதாபுரத்துக்காரரின் இடுப்பைப் பார்த்தார், அப்பாவின் விரல்களைப் பார்த்தார், பிறகு தன் ஷூவைப் பார்த்தார். பெல்ட் இப்போது அங்கே ஒரு கவரில் அரக்கு வைத்து இருக்கிறது.

போன வாரம் அப்பாவும் நானும் ஆரியசாலையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அந்த ஹாரன் சத்தம் கேட்டது. அதே சந்தன நிற ஸ்கூட்டர், அதே நான்கு அடுக்குத் தூக்கு. ஓய்வு பெற்றும் எதற்குத் தூக்கு என்று தெரியவில்லை, பழக்கமாக இருக்கும். நீல பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்தார். அப்பா கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, தெருவைப் பார்த்து நேராக நின்றார். ஸ்கூட்டர் எங்களைக் கடக்கும்போது ஏட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அந்தக் கட்டு நிக்காதுல, அவுந்துரும்" என்றார் அப்பா. காலமெல்லாம் மூட்டை கட்டியவர்.

தூக்கு விழுகிறதா என்று தெருமுனை வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். விழவில்லை. நாளைக்கும் அந்த வழியாகத்தான் அவர் போவார். நாங்கள் டீ குடிக்க வருவோம்.