திரும்பாத தலை

பக்கத்தில் நிற்பவன் சாயும்போது தலையைத் திருப்பாமல் நிற்பது கட்டுப்பாடா, வேறு ஏதாவதா? கிளிஃபர்ட் ஹாஸ்லம் இதை வாய்விட்டுக் கேட்டவர் அல்லர். ஆனால் கடையில் வரிசையில் நிற்கும்போதுகூட அவர் காலணிக்குள் விரல்கள் ஆடிக்கொண்டிருக்கும். வீட்டில் கெட்டில் கொதிக்கும்வரை அதன் முன் விறைத்து நிற்பார். "டீக்குமா சல்யூட்டு?" என்பாள் மனைவி ஜோன். அவர் சிரிப்பதில்லை. அதுவும் தொழிற்பழக்கம்தான்.

லண்டன் அரண்மனைக் காவற்படையில் அவர் சார்ஜென்ட். ஜூன் மாதம் மன்னரின் பிறந்தநாள் அணிவகுப்பு. கம்பளிச் சிவப்புச் சட்டை, கரடித்தோல் தொப்பி, சரளை மைதானத்தில் இரண்டு மணி நேரம் வெயில்; அசையாமல் நிற்பவர்களில் சிலர் மயங்கி விழுவதுண்டு. புதியவர்களுக்கு அவர் சொல்வது இவ்வளவுதான்: "காலையில முட்டை, உப்புப் போட்டு. முழங்கால இறுக்காத. பூட்ஸுக்குள்ள விரல ஆட்டிக்கிட்டே இரு, ராஜாவுக்குத் தெரியாது. அப்பவும் விழுந்தா நேரா விழு." கடைசி வாக்கியத்துக்கு யாராவது சிரித்தால், சிரித்து முடியும்வரை காத்திருப்பார். கையை ஊன்றாமல் விழ வேண்டும் என்பது அங்கே மெய்யான வழக்கம். விழுந்தவனை மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்பதும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், இதே அணிவகுப்பில், அவருக்கு இடப்பக்கம் சக வீரர் ராய் ஸ்டப்ஸ் நின்றார். உதடு அசையாமல், "கிளிஃப், கண்ணு இருட்டுதுடா" என்றார். பிறகு முகங்குப்புற விழுந்தார். தாடை உடைந்தது. கிளிஃபர்ட் நாற்பது நிமிடம் நேரே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் ஒரு செய்தித்தாளில் படம் வந்தது: தரையில் ஒருவன், அருகே கல்லாக இன்னொருவன். அதிகாரிகள் பாராட்டினார்கள். அந்தப் படம் சார்ஜென்ட்களின் உணவுக்கூடத்தில் சட்டமிட்டுத் தொங்குகிறது. கிளிஃபர்ட் எப்போதும் அதற்கு முதுகு காட்டியே உட்காருவார்.

ராய்க்கு அவர்மேல் வருத்தமே இல்லை. "நீ திரும்பியிருந்தா நானே உன்ன உதைச்சிருப்பேன்," என்று இன்றும் சொல்கிறார், கொஞ்சம் கோணிய வாயால். மன்னிக்க ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டவனுக்குப் போக்கிடம் குறைவு.

இந்த ஆண்டு அணிவகுப்பின் நடுவே படைக்கொடியைப் பிடித்து நிற்கும் சார்ஜென்ட்டாக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பணிக்காலத்தில் ஒருமுறை கிடைத்தாலே பெரிது. அடுத்த பதவிக்கு அதுவே வாசல். மூன்றாம் நாள் அவர் சார்ஜென்ட் மேஜரிடம் போய், கொடிக்குப் பதிலாக, விழுந்தவர்களைத் தூக்கிச் செல்ல மரத்தடியில் காத்திருக்கும் ஸ்ட்ரெச்சர் குழுவில் சேர்த்துவிடச் சொன்னார்.

"ஸ்ட்ரெச்சர் தூக்க எவன் வேணாலும் வருவான்யா."

"ஆமா சார். நானும் வரேன்."

ஜோன் காரணம் கேட்டபோது, கெட்டில் கொதித்துவிட்டது என்றார்.

அணிவகுப்பன்று மரத்தடியில் இருந்த எல்லோரும் மன்னரின் குதிரையைப் பார்த்தார்கள். கிளிஃபர்ட் வரிசைகளின் பின்புறத்தை, முழங்கால்களை மட்டும் பார்த்தார். மன்னருக்கு வணக்கம் செலுத்தும் கீதம் தொடங்கியது. அது முடியும்வரை மரத்தடியிலும் எவரும் அசையக் கூடாது. பாட்டின் இரண்டாம் வரியிலேயே பின்வரிசையில் ஒரு ஜோடி முழங்கால் பின்னுக்கு இறுகி நடுங்கியது. அந்த வீரர் சாய்ந்தார், சொல்லிக்கொடுத்தபடி, நேராக.

பல்லாயிரம் பேர் சிலையாக நின்ற அந்த மைதானத்தில் கிளிஃபர்ட் நடந்தார். ஓடவில்லை. மண்டியிட்டு, சரளையில் பதிந்த முகத்தைத் தூக்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கீதம் முடிய இன்னும் நேரமிருந்தது.

"எல்லாரும் பாத்துட்டாங்களா, சார்ஜென்ட்?" என்றார் விழுந்தவர்.

"யாரும் பாக்கல. நான் மட்டும்தான்."

திங்கட்கிழமை அவர்மேல் எழுதிய ஒழுங்குமீறல் தாளை நீட்டினார்கள். பெயர், நாள், செய்த தவறு எல்லாம் நிரப்பப்பட்டிருந்தன. 'காரணம்' என்ற இடம் மட்டும் அவருக்காகக் காலியாக விடப்பட்டிருந்தது. பேனாவை வாங்கி, அந்த இடத்தைத் தாண்டி, கீழே கையெழுத்திட்டார்.