சுருயா வீட்டு எரு

தோமினோ ஊரின் ஒரே கடைத்தெருவில் சுருயா துணிக்கடை எது என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை. வாசல் கூரை இறவாணத்தில் உப்பிட்ட சால்மன் மீன் ஒன்று தொங்கும் கடை அது. வருடக் கடைசியில் வசதியுள்ள வீடுகளில் அப்படி ஒரு மீனைத் தொங்கவிட்டு, புத்தாண்டு போவதற்குள் துண்டு துண்டாக வெட்டித் தின்று தீர்ப்பார்கள். சுருயா வீட்டு மீன் மட்டும் தீராது. கடை முதலாளி ஹன்பே வருடத்துக்கு ஒருமுறை அதை இறக்கி, தூசு தட்டி, இரண்டு சொட்டு எள்ளெண்ணெய் தடவி மறுபடி மாட்டிவிடுவார். தெருவிலிருந்து பார்த்தால் நேற்று வாங்கியது போல மினுங்கும். கிட்டே போன பூனைகள் ஏமாந்து திரும்பிவிடும்.

உள்ளே அடுப்பில் நடப்பது வேறு. காலையில் பார்லிக் கஞ்சி, மதியம் முள்ளங்கித் தழை மிதக்கும் வெந்நீர், இரவில் காலைக் கஞ்சியின் மிச்சம். மனைவி யசு, மகள் கினு, கடையாட்கள் இருவர் என எல்லாருக்கும் இதேதான். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் ஹன்பே பல்குச்சி ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பார். பல்லிடுக்கில் ஏதோ பெரிய மீன்முள் சிக்கியது போலக் குத்திக் குத்தித் துப்புவார். இப்படிப்பட்ட மனிதரைக் கஞ்சன் என்று சொன்னால் ஊரிலுள்ள நல்ல கஞ்சர்களுக்குக் கோபம் வரும்.

தெரு முழுவதும் அந்தப் பல்குச்சியை நம்பியது. நம்பாத ஒரே ஆள் தொராஸோ.

தொராஸோ ஆற்றுக்கு அந்தப்புறம் நிலம் வைத்திருக்கும் விவசாயி. மாதம் ஒருமுறை மகன் மொகிச்சியோடு காவுதடியில் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, கடைத்தெரு வீடுகளின் கொல்லைக் கழிப்பறைக் குழிகளை எருவுக்கு அள்ளிக்கொண்டு போவார். சும்மா இல்லை. தலைக்கு இத்தனை என்று முள்ளங்கி கொடுத்துவிட்டுத்தான் அள்ளுவார். நல்ல சாப்பாடு சாப்பிடுகிற வீட்டு எரு முதல் தரம், அதற்கு முள்ளங்கி அதிகம். இளைத்த வீட்டு எருவுக்குக் குறைவு. குழியை நீண்ட அகப்பையால் ஒரு கலக்குக் கலக்கி, கண்ணை இடுக்கிப் பார்த்துத் தரம் சொல்லுவார். அதன்மேல் பேச்சே கிடையாது.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு காலை, சுருயா வீட்டுக் கொல்லையில் அகப்பையைப் போட்டவர் தலையை ஆட்டினார்.

"முதலாளி, கோவிச்சுக்காதீங்க. இது வெறும் தண்ணி. இதுக்கு முள்ளங்கி குடுத்தா என் முள்ளங்கியே என்னப் பாத்துச் சிரிக்கும்."

"என்னப்பா பேசற? மூணு வேளையும் சோறும் மீனுமா சாப்பிடற வீடு இது!"

"மீனு வாசல்ல தொங்குதுங்க. இங்க எறங்கி வரலியே." பின்னால் நின்ற மொகிச்சி சிரிப்பை அடக்க முடியாமல் வாளிப் பக்கம் திரும்பிக்கொண்டான். "இன்னிலேருந்து மூணாந்தரம். வேணாம்னா வேற ஆளப் பாத்துக்கங்க. ஆனா அது மட்டும் இல்லங்க, இன்னொரு சேதி."

சேதியைக் கேட்டதும் ஹன்பேயின் வாயிலிருந்த பல்குச்சி கீழே விழுந்தது. சாக்கே என்னும் அரிசி மது காய்ச்சும் மசுயா வீட்டுப் பெரியவர் கன்சுகே, தன் மகனுக்குக் கினுவைக் கேட்கலாமா என்று யோசிக்கிறாராம்.

"நாலு பேருகிட்ட விசாரிச்சாராம். எல்லாரும் ஆகா ஓகோன்னாங்களாம். கல்யாணப் பேச்சுன்னா எவனும் நல்லதாத்தான் சொல்லுவான், நீ குழியப் பாத்துட்டு வந்து சொல்லுன்னு என்னக் கூப்பிட்டாரு. அறுவடைத் திருவிழா கழிச்சு வந்து அள்ளும்போது நல்லாப் பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"தொராஸோ... உனக்கு ஒரு நல்ல துண்டுத்துணி எடுத்து வைக்கறேன். பாத்துச் சொல்லு."

"எருவுல மட்டும் பொய் வராதுங்க எனக்கு. எங்கப்பன் காலத்துலேருந்து அந்தப் பேரு இருக்கு."

அன்று முழுவதும் ஹன்பே துணியை அளக்கும் முழக்கோலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மசுயா வீடு என்றால் சாதாரணமா? சுவரோரம் முழுக்க சாக்கேப் பீப்பாய்கள். அந்த வீட்டில் பெண் கொடுத்தால் அந்த மாவட்டத்துக்கே துணி விற்கலாம். இத்தனைக்கும் கன்சுகே ஒட்டுப்போட்ட அங்கியில்தான் வெளியே வருவார், விருந்தாளி வந்தால் மட்டுமே வாசல் விளக்கை ஏற்றுவார். பெரிய மனிதருக்கு எவ்வளவு அடக்கம் என்று ஹன்பே வியந்தாரே தவிர, வேறு எதுவும் யோசிக்கவில்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. திருவிழா வரைக்கும் வீட்டார் எல்லாருக்கும் நல்ல சாப்பாடு போட வேண்டும். ஹன்பே பல்லைக் கடித்துக்கொண்டு மீன்கடைக்குப் போய்க் கானாங்கெளுத்தி வாங்கி வந்தார். அன்று கினு தட்டைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, யாராச்சும் செத்துட்டாங்களா?"

"பேசாம சாப்பிடுடி, அவரு மனசு மாறறதுக்குள்ள," என்றாள் யசு.

கடையாட்கள் முள்ளைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அவர்கள் மெல்லும் ஒவ்வொரு முறையும் ஹன்பே மனதுக்குள் காசை எண்ணினார். இப்படியே திருவிழா வரைக்குமா? அதற்குள் கடையையே தின்றுவிடுவார்கள். அடுத்த நாள் மறுபடி கஞ்சிதான் வந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பாலத்தடி விடுதியில் பட்டுக்கூடு வாங்கும் வியாபாரிகள் வந்து தங்கியிருந்தார்கள். விலாங்கு வறுவல், முட்டை, சாக்கே என்று தின்று குடித்துக் கொழுக்கிற கூட்டம். அந்த விடுதியின் கொல்லைக் குழிக்கு விவசாயிகள் அடித்துக்கொள்வார்கள். விடுதிக்காரி ஓரின் ஊரிலேயே நீளமான நாக்குக்குப் பேர்போன விதவை. கையில் ஒரு துணிச்சுருளோடு ஹன்பே அவள் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"என்ன வேணும்னு இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள் ஓரின்.

"ரெண்டு வாளி. சும்மா ரெண்டே வாளி."

"சுருயாக்காரரே, எங்கிட்ட சாப்பாடு கேட்டு வந்தவங்க உண்டு, சாக்கே கேட்டு வந்தவங்க உண்டு. அது உள்ள போய் வெளிய வந்ததக் கேட்டு வந்தவரு நீங்க ஒருத்தருதான்." அவள் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "சாயம் போயிருக்கே."

"லேசா. உள்பக்கம் திருப்பித் தைச்சா தெரியாது."

"உங்க குடும்பமே உள்பக்கம் திருப்பித் தைச்சதுதான். எடுத்துக்கிட்டுப் போங்க."

அறுவடைத் திருவிழா அன்று ஊர் முழுவதும் கோயிலுக்குப் போய்விட்டது. மேளச் சத்தம் வயல்வெளி தாண்டிக் கேட்டது. கோயிலில் எல்லாருக்கும் இலவசமாகச் சிவப்பரிசிச் சோறு போடுவார்கள். அதைக்கூட விட்டுவிட்டு ஹன்பே பெரிய வைக்கோல் தொப்பியில் முகத்தை மறைத்துக்கொண்டு, ஆள் இல்லாத தெருவில் காவுதடியோடு வந்தார். வாழ்நாளில் முழக்கோலைவிடக் கனமான எதையும் தூக்காத தோள் அது. இடதுபக்க வாளி முன்னால் ஆட, வலதுபக்க வாளி பின்னால் ஆட, நடுவில் அவர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஆடினார். பாதி அவர் அங்கி மடிப்பிலேயே வந்து சேர்ந்தது. மீதியைக் கொல்லைக் குழியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. கினு நின்றாள்.

"அப்பா... என்ன செய்யறீங்க?"

"உன் கல்யாண வேலைடி! உள்ள போ!"

கினு மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்பாவையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் நியாயம். ஆனால் பசிதான் முதலில் வந்தது. கோயிலில் சிவப்பரிசிச் சோறு தீர்ந்துபோவதற்குள் போய்ச் சேர ஓடினாள்.

அடுத்த வாரம் தொராஸோ வந்தார். அகப்பையைப் போட்டார். கலக்கினார். மறுபடி கலக்கினார். பிறகு தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு ஹன்பே முன் இடுப்புவரை குனிந்தார்.

"மன்னிச்சிடுங்க முதலாளி. உங்கள தப்பா நெனச்சிட்டேன். விலாங்கு, முட்டை, நல்ல சாக்கே... என் ஆயுசுல இப்படி ஒண்ணு பாத்ததில்ல. முதல் தரத்துக்கும் மேல ஒரு தரம் வெக்கணும் இதுக்கு."

முள்ளங்கிகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. ஹன்பே புதிய பல்குச்சி எடுத்துக்கொண்டார். மொகிச்சி மட்டும் குழியைப் பார்த்தான், பின்கட்டில் நின்றிருந்த கினுவின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தான். ஏதோ இடிக்கிறதே என்பது போல முகம் வைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து மசுயா வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஹன்பே தன்னிடமிருந்த ஒரே நல்ல மேலங்கியைப் போட்டுக்கொண்டு போனார். முன்னறையில் கன்சுகே உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் வெந்நீர் வைத்தார்கள். தேயிலை இல்லை. ஹன்பே அதைக் கவனித்தார், ஆனாலும் அவருக்கு உறைக்கவில்லை.

"ஹன்பே அவர்களே," என்றார் கன்சுகே, வருத்தமான குரலில். "உங்கள நான் எவ்வளவோ நல்லவிதமா நெனச்சிருந்தேன். அந்த சால்மன வருஷக்கணக்கா வெட்டாம வெச்சிருக்கீங்களே, அதப் பாத்துத்தான் உங்க வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுக்கு ஆகும்னு முடிவு பண்ணேன்."

"ஐயா...?"

"ஆனா தொராஸோ சொல்லிட்டான். தெனம் விலாங்காம், முட்டையாம், நல்ல சாக்கேயாம். காய்ச்சற நானே பண்டிகைக்குத்தான் ஒரு வாய் குடிக்கறேன்! இப்படி நாக்க வளத்த பொண்ணு இங்க வந்தா ஆறு மாசத்துல எங்க பீப்பாயெல்லாம் காலி. மன்னிச்சுக்கங்க. நாங்க கஞ்சி குடிக்கற குடும்பம்."

ஹன்பே கணக்குப் போட்டார். ஊரிலேயே தன் அருமை தெரிந்த ஒரே மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய் ஊதாரி என்று பேர் வாங்குவதா? வாயை மூடினால் சம்பந்தம் போகும். திறந்தால் மானம் போகும். மானத்துக்கு விலை கிடையாது, சம்பந்தத்துக்கு உண்டு. ஆகவே திறந்தார்.

"ஐயா, நாங்களும் கஞ்சிதாங்க! சத்தியமா கஞ்சி! அது எங்களுது இல்லீங்க. பாலத்தடி விடுதியோடது. நான் வாங்கிட்டு வந்து ஊத்தினது."

கன்சுகே வெந்நீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வாங்கினீங்களா? சும்மா குடுத்தாங்களா?"

"ஒரு துணி குடுத்தேன்... பழசுதான்..."

"துணி குடுத்து," என்று கன்சுகே மெதுவாகச் சொன்னார், நடந்ததை நம்ப முடியாதவராக. "ஊருல எல்லாரும் அதக் குடுத்து முள்ளங்கி வாங்குவாங்க. நீங்க துணியக் குடுத்து அத வாங்கியிருக்கீங்க. விலாங்கு திங்கறவன்கூட வயித்துக்காகச் செலவு பண்றான். நீங்க பண்ணினதுக்கு என்ன பேரு வைக்கறதுன்னே எனக்குத் தெரியல. போயிட்டு வாங்க."

அன்று மாலைக்குள் இந்தக் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. முடிவெட்டும் கடையிலும் குளியல் வீட்டிலும் வேறு பேச்சு இல்லை. ஹன்பே தெருவில் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்கள். விஷயம் தெரிந்த தொராஸோ தலைத்துணியை முறுக்கிக் கட்டிக்கொண்டு மொகிச்சியோடு பின்வாசலில் வந்து நின்றார்.

"எங்கப்பன் பேரயே கெடுத்துட்டீங்களேய்யா! என் முள்ளங்கியெல்லாம் எங்க? ஒண்ணு விடாம எடுத்துட்டு வாங்க!"

ஹன்பே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கினுதான் வெளியே வந்தாள். கையில் கடைசி முள்ளங்கி, பாதி கடித்தது.

"இதுதான் மிச்சம். மத்தத நானும் அம்மாவும் பச்சையாவே தின்னுட்டோம். இதயும் எடுத்துக்கறீங்களா?"

தொராஸோவின் கோபம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. மொகிச்சி அவள் கையிலிருந்த முள்ளங்கியைப் பார்த்தான், மறுபடி அவள் கன்னத்தைப் பார்த்தான். "அப்பா, வீட்டுக்குப் போலாம்," என்றான்.

இளவேனில் வந்ததும் தொராஸோ வீட்டிலிருந்து பெண் கேட்டு ஆள் வந்தது. சீர் எதுவும் வேண்டாம் என்றார்கள். துணிக்கடைக்காரன் மகள் எரு அள்ளும் வீட்டுக்கா என்று ஹன்பே ஒரு பேச்சுக்குப் பொங்கினார். சீர் வேண்டாம் என்பதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு சம்மதித்தார். கல்யாணத்தன்று கினு மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டாள். மாமியார் நாலாவதையும் போட்டாள்.

அந்த வருடக் கடைசியில், தொராஸோவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால், மொகிச்சியோடு கினு வந்தாள். கன்னம் உப்பி, கை தடித்து, ஆளே வேறாக இருந்தாள். கொல்லைக்குப் போய் அகப்பையை வாங்கித் தானே ஒரு கலக்குக் கலக்கினாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"மூணாந்தரம்," என்றாள்.

"ஏண்டி, பெத்த அப்பனுக்கே இப்படியா?"

"நாலாந்தரம்னு ஒண்ணு இருந்தா அதத்தான் சொல்லியிருப்பேன். அம்மா எப்படி எளைச்சுப் போயிருக்கா பாத்தீங்களா? எனக்குப் பாக்கவே வேணாம், இதக் கலக்கினாலே தெரியுது. பொறந்த வீட்டப் பத்தி இப்படித் தெரிஞ்சுக்கறது எனக்கு மட்டும்தாம்ப்பா." அவள் ஒல்லியான முள்ளங்கிகளாகப் பொறுக்கிப் படியில் வைத்தாள். பிறகு நல்லதாக ஒன்றை எடுத்து அம்மாவின் கையில் தனியாகக் கொடுத்தாள். "அடுத்த மாசமும் நானே வருவேன். ஓரின் அக்காகிட்ட சொல்லி வெச்சிட்டேன், இனி உங்களுக்கு ஒரு வாளிகூடக் கிடைக்காது."

அவர்கள் போன பிறகு ஹன்பே நெடுநேரம் கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே யசு இருமும் சத்தம் கேட்டது. அந்த இருமல் எப்போதிலிருந்து இருக்கிறது என்று யோசித்தார். தெரியவில்லை. முதல்முறையாக அவருக்குத் தன்மேல் வெட்கம் வந்தது. எழுந்து வாசலுக்குப் போய், முக்காலி போட்டு ஏறி, சால்மனைக் கழற்றி வந்து மனைவி முன் வைத்தார்.

"வெட்டு. எல்லாரும் சாப்பிடலாம்."

யசு கத்தியை வைத்தாள். கத்தி முனை உடைந்தது. அரிவாளால் போட்டார்கள், மீன் எகிறிப்போய்ச் சுவரில் மோதியது. கடைசியில் அதை வேகவைக்கலாம் என்று கொதிக்கப் போட்டார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

வேறு வழியில்லாமல் ஹன்பே மீன்கடைக்குப் போனார். மறுநாளும் போனார்.

வாசலில் கொக்கி காலியாக இருந்ததைத் தெரு கவனித்தது. பல்குச்சியையும் காணோம். சுருயா கடை திவாலாகிவிட்டது, வாசல் மீனைக்கூட விற்றுவிட்டான் பாவம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. கடன்காரர்கள் வருவதைப் பார்க்கச் சிலர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரம்தான் அந்த வீட்டில் முதல்முறையாக எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.