பெயர் தெரியாத வாக்கு

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வராத வெள்ளிக்கிழமைகள் சில உண்டு. அன்றைக்கு ஆசிரியர்கள் பிள்ளைகளாகிவிடுவோம். நூலகத்தில் வட்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து, கடைப் பெட்டியில் வரும் கோப்பியும் டோனட்டும் எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து ஒருவர் வந்து படிப்பிக்கப் படிப்போம். கடைசி மேசைக்கு அடிபடுவதும், மேசைக்குக் கீழே போன் பார்ப்பதும், கேள்வி கேட்டால் தலை குனிவதும் எல்லாம் நடக்கும். பிள்ளைகள் பார்த்தால் எங்களை ஒரு சதத்துக்கும் மதிக்கமாட்டார்கள்.

அந்த வசந்தகாலப் பயிற்சி நாளில் இன சமத்துவத்தையும் வகுப்பறைத் தொழில்நுட்பத்தையும் ஒரே பானையில் போட்டு அவித்திருந்தார்கள். சமத்துவத்துக்கு ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார், நல்ல குரல் உள்ள பெண். தொழில்நுட்பத்துக்கு வெளியாள் இல்லை. எங்களோடு படிப்பிக்கும் சென்னைக்காரிதான். வகுப்பில் போனை வைத்து வாக்கெடுப்பு நடத்தும் ஒரு செயலி புதிதாக வந்திருந்தது. அதை எல்லாருக்கும் செய்து காட்டும்படி பள்ளிக்கூட அதிபர் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் விடிய வந்து வயர்களைக் கொளுவி, திரைக்குப் பக்கத்தில் லாப்டொப்போடு நின்றாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழர் என்று நாங்கள் இரண்டு பேர்தான். சரியாகச் சொன்னால், வெள்ளையர் அல்லாத ஆசிரியர்களே நாங்கள் இரண்டு பேர்தான். இருவரும் ஒப்பந்தத்தில் இருந்தோம். ஜூனோடு இருவருக்கும் முடிகிறது. செப்டம்பரில் ஒரே ஒரு நிரந்தர இடம் வரப்போகிறது, அதிபரின் சொல்தான் முக்கியம் என்பது இருவருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்துவிட்டு வந்து, இங்கே திரும்பவும் படித்து, பல வருடமாக ஒவ்வொரு பள்ளிக்கூடமாக, ஆசிரியர் வராத நாளில் அவருக்குப் பதிலாகப் படிப்பித்து வந்தவள் நான். அந்த இடம் எனக்கு வேண்டும். அவளுக்கும் வேண்டும். அதைப்பற்றி நாங்கள் கதைப்பதில்லை. என்னை அக்கா என்பாள், நான் அவளுக்குப் புட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

காலையில் பயிற்சியாளர் முதல் வேலையாக அந்தச் செயலியிலேயே ஒரு கேள்வியைப் போட்டார். இந்தப் பள்ளிக்கூடத்தில் உங்கள் இனத்தைக் காரணமாக வைத்து யாராவது உங்களை வேறுமாதிரி நடத்தியதுண்டா? ஆம், இல்லை. "யார் எதை அழுத்தினார் என்று ஒருவருக்கும் தெரியவராது. மனம்விட்டு அழுத்துங்கள்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கும் அறையில் இரண்டே இரண்டு பேரை வைத்துக்கொண்டு இரகசிய வாக்கெடுப்பாம். வகுப்பு வாசலில் நின்ற என்னிடமே ஆசிரியை எப்போது வருவார் என்று கேட்ட ஒரு பிள்ளையின் தாயை நினைத்தேன். அதிபர் எங்கள் இருவரின் பெயரையும் எப்போதும் மாற்றி மாற்றிக் கூப்பிடுவதை நினைத்தேன். முன்பெல்லாம் இதற்கெல்லாம் நெஞ்சு எரியும். இப்போது பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, தட்டினால் சத்தம் கேட்கும், நோகாது. இல்லை என்று அழுத்திவிட்டுக் கோப்பியைக் குடித்தேன்.

திரையில் நீலக் கோடு நெடுநெடுவென்று வளர்ந்தது, எல்லாம் இல்லை. அதற்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு சின்னக் குச்சி. ஆம், ஒன்று.

அறை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. திரைக்குப் பக்கத்தில் நின்றவளை ஒருவரும் பார்க்கவில்லை. அவள் மெஷினோடு நிற்கிறவள், மெஷின் வாக்குப் போடுமா? பயிற்சியாளர் குரலைத் தாழ்த்தி, "அந்த ஒருவருக்கு நாங்கள் நன்றி சொல்வோம்" என்றார். கை தட்டினார்கள். என் தோளில் ஒரு கை விழுந்தது. பக்கத்தில் இருந்த மூன்றாம் வகுப்பு டீச்சரின் கை அது. அவளுடைய கண் கலங்கியிருந்தது. எனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நானில்லை என்றால் யார் என்று அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானம் அவள் தயிர்சாதப் பெட்டியோடு என் வகுப்புக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, அது நான்தான். யாருக்கும் தெரியாதுன்னு சொன்னாங்களேன்னு அழுத்திட்டேன். என் உச்சரிப்பு புரியலைன்னு ஒரு பையனோட அப்பா வந்து சத்தம் போட்டதுக்கு, என்னை அந்த வகுப்பிலேர்ந்தே மாத்தினாங்கல்ல, அது ஞாபகம் வந்துடுச்சு. நான் போய்ச் சொல்லிடவா?"

"சொல்லி? பிறகு உம்மையும் பார்ப்பினம். விடும். சாப்பிடும்."

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வந்தாச் சொல்லுறன்."

உண்மையாகவே வரவில்லை. அவள் சோற்றைக் கிண்டிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

பின்னேரம் முழுக்கச் செயலி வகுப்பு. அவள் நன்றாகத்தான் படிப்பித்தாள். அதிபர் முன்னுக்கு இருந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். முடியும் நேரம் பயிற்சியாளர் எழுந்து, காலையில் கேட்ட கேள்வியையே திரும்பவும் கேட்போம், ஒரு நாளில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்ப்போம் என்றார்.

போனை எடுத்தேன். அடுத்தவளின் வாக்குக்காக நாள் முழுக்க நன்றியும் அனுதாபமும் வாங்கியாயிற்று. என்னுடையதையும் போட்டால் இனி என்ன குறையப்போகிறது? அதைவிட, இரண்டு என்று வந்தால் அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஆம் என்று அழுத்தினேன். அன்றைக்கு எனக்குள் ஏதாவது அசைந்தது என்றால் அந்த ஒரு தரம்தான்.

திரையில் நீலக் கோடு வளர்ந்தது. பக்கத்தில் சிவப்புக் குச்சி. ஒன்று.

இந்தமுறை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்குக் காலையிலேயே தெரியும். அவள் மட்டும் லாப்டொப்பிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள், உடனே குனிந்துகொண்டாள்.

கதிரைகளை அடுக்கும்போது அதிபர் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். கெட்ட மனிதர் இல்லை. நெஞ்சில் கை வைத்துத்தான் ஆங்கிலத்தில் கதைத்தார். "காலையிலும் மாலையிலும் துணிவாக உண்மையைச் சொன்னீர்கள். இவ்வளவையும் சுமந்துகொண்டு இங்கே வேலை செய்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. செப்டம்பர் இடத்தைப் பற்றி யோசித்தேன். மனம் நொந்த இடத்திலேயே உங்களைப் பிடித்துவைப்பது நியாயமில்லை. உங்களுக்கு இன்னும் பொருத்தமான பள்ளிக்கூடம் ஒன்று கிடைக்க நான் நல்ல சிபாரிசு தருவேன். ஜூன்வரை எங்கள் சமத்துவக் குழுவில் இருந்து உதவி செய்யமுடியுமா?"

இதைச் சொல்லும்போது என் பெயரைப் பிழையில்லாமல் சொன்னார். அந்த வருடத்தில் அதுதான் முதல்தரம்.

நன்றி என்றேன்.

ஷெப்பேர்ட் வீதி பஸ்ஸில் நாங்கள் வழமைபோல ஒன்றாகத்தான் ஏறினோம். அவள் அஜின்கோர்ட்டில் இறங்குவாள், நான் மல்வேர்ன்வரை போகவேண்டும். சனம் நெருக்கியடித்தது. எப்படியோ பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

"ரெண்டாவது தடவை நான் இல்லைன்னு போட்டுட்டேன் அக்கா. காலையில உங்களைப் பார்த்தாங்க பாருங்க, அந்தப் பார்வை... பயந்துட்டேன்."

"தெரியும்."

"அப்போ அந்த ஒண்ணு?"

"நான்தான்."

"காலையில?"

"இல்லையெண்டு போட்டனான்."

அவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, கதிரை அடுக்கும்போது அதிபர் என்ன சொன்னார் என்று கேட்டாள். அவள் இறங்கவேண்டிய தரிப்பு வந்துகொண்டிருந்தது. நான் எட்டி மணியை அழுத்தினேன்.

"செப்டம்பர் வேலைக்கு உம்மைக் கூப்பிட்டுக் கேட்பார். அதுக்கெண்டாலும் ஓம் எண்டு சொல்லும்."

கதவு திறந்தது. அவள் எழும்பவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சாரதி கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மல்வேர்ன்வரை அவள் என்னோடு வந்தாள். அழுதது அவள்தான். எனக்கும் அழவேண்டும்போல இருந்தது, வரவில்லை.